அஞ்சலையின் ரத்தத்தில் காணாமல் போன பிளாட்டினம்

புதுச்சேரிக்குப் போகிறேன் என்றதும் பினாங்கில் என்னோடு வேலை செய்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடற்கரையில் நட, மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடு, மீன் சாப்பிடு. கடற்கரையை நான் பார்த்தது ஒரே ஒரு முறை. அதுவும் ஆட்டோவின் பின்சீட்டிலிருந்து, மடியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு. படம் ஒன்றுகூட எடுக்கவில்லை. மீன் வாசனை மட்டும் ஊர் திரும்பிய பிறகும் கைப்பையை விட்டுப் போகவில்லை.

ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வது என் வேலை. புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை எங்கள் ஆய்வகத்தில் வெகுநாளாகப் பார்த்து வருகிறோம். அதன் நடுவே பிளாட்டினம் இருக்கிறது, நகைக்கடையில் விற்கிற அதே உலோகம். மருந்து நரம்பில் ஏறிய உடனே ரத்தத்தில் இருக்கும் புரதங்கள், முக்கியமாக ஆல்புமின், அதைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கிவிடும். பிடித்தால் பிடித்ததுதான். அந்த ஆல்புமின் செத்து அழிகிற வரை பிளாட்டினமும் அதோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பிடிபடாமல் மிச்சமிருக்கும் மருந்துதான் செல்லுக்குள் நுழைந்து புற்றைக் கொல்கிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பதும் அதேதான். அதனால்தான் புரதத்தை வடிகட்டி எடுத்துவிட்டு, பிடிபடாத மருந்தை மட்டும் தனியாக அளக்கிறோம்.

புதுச்சேரி மருத்துவமனை ஒன்றிலிருந்து சில மாதங்களாக எங்களுக்கு மாதிரிகள் வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே கதை. பிளாட்டினம் மொத்தமாக இருக்க வேண்டிய அளவு இருந்தது. பிடிபடாதது மட்டும் இல்லவே இல்லை என்று சொல்லலாம். ரத்தம் எடுத்ததும் எவ்வளவு நேரத்தில் வடிகட்டுகிறீர்கள் என்று கேட்டு எழுதினோம். 'உடனே' என்று பதில் வந்தது. திரும்பக் கேட்டோம். 'உடனே' என்றே திரும்ப வந்தது. போய்ப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

நான் தங்கியது மிஷன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு சொல்தா வீட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்கிறார்கள். வீட்டுக்காரர் கால்சட்டையை இடுப்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, காலையில் "போன்ழூர் மதாம்" என்று கதவைத் தட்டினார். மேசையில் கல் மாதிரி ஒரு ரொட்டி, கிண்ணத்தில் பழக்கூழ். எங்கள் ஊரில் இந்த நேரத்துக்கு பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் வயிற்றில் இறங்கியிருக்கும். தோசை கிடைக்குமா என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. "எதிர் கடையில கெடைக்கும். ஆனா அது எல்லா ஊர்லயும் கெடைக்குமே மதாம்" என்றார். அதற்கு மேல் என்ன சொல்வது? ரொட்டியைக் கடித்தேன். பல் வலித்தது.

மருத்துவமனையில் டாக்டர் எஸ்தர் எனக்காகக் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். தூக்கம் பார்த்து நாளாகிவிட்ட கண்கள். நான் உட்காருவதற்குள் சொன்னார்: "நல்ல நேரத்துல வந்தீங்க மேடம். உங்க ரிசல்ட்ட வெச்சுத்தான் இந்த வாரம் ஒரு பேஷண்டுக்கு டோஸ ஏத்தப் போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்கு என்று கேட்டேன்.

அஞ்சலை என்றார். பிள்ளைச்சாவடிக்காரர், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். கருப்பைவாயில் புற்று. கதிர்வீச்சோடு வாரத்துக்கு ஒரு சிஸ்பிளாட்டின். ஆனால் அவருக்கு ஒரே ஒரு சிறுநீரகம்தான். மற்றதை சில வருடங்களுக்கு முன் புருஷனுக்குக் கொடுத்துவிட்டார். அதனால் பயந்து பயந்து குறைந்த டோஸில் ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த டோஸில் பிடிபடாத மருந்தே இல்லை என்று எங்கள் எண் சொல்கிறது. அப்படியானால் மருந்து புற்றைத் தொடவே இல்லை.

"அந்தம்மாவுக்குப் பிரயோஜனம் இல்லாத ஊசியா நான் போட்டுட்டிருக்கேன்?" என்றார் டாக்டர். "ஏத்தித்தானே ஆகணும்?"

"அந்த எண் தப்பா இருக்கலாம் டாக்டர். மருந்து அவங்க உடம்புல பிடிபட்டுச்சா, குழாய்க்குள்ள பிடிபட்டுச்சான்னு எங்களுக்குத் தெரியாது. ரத்தத்த வெளிய எடுத்துட்டோம்னு ஆல்புமினுக்குத் தெரியுமா? அது பாட்டுக்குப் பிடிச்சிட்டே இருக்கும்."

"உங்க எண்தானே மேடம்?"

"எங்க எண்தான்."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். அவர் எரிச்சல் நியாயமானது. எண்ணையும் கொடுத்துவிட்டு, அதை நம்பாதே என்று சொல்ல விமானம் ஏறி வந்த ஆளை யார் வரவேற்பார்கள்? "வியாழக்கிழமை ஊசி. அதுக்குள்ள காட்டுங்க. இல்லன்னா ஏத்திடுவேன். புத்து யாருக்காகவும் காத்திருக்காது" என்றார்.

அன்று மருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் ரத்த மாதிரிக் குழாயைப் பின்தொடர்ந்தேன். எதிலும் கை வைக்கவில்லை, யாரையும் அவசரப்படுத்தவில்லை. இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டில் கேட்டால் தெரியும்.

வார்டு சிஸ்டர் ரத்தத்தை அழகாக எடுத்தார், மூடினார், ஜன்னலோரம் தாங்கியில் வைத்தார். ஜன்னலில் புதுச்சேரி வெயில் நேராக விழுந்தது. எடுத்துப்போக வேண்டிய செல்வம் என்பவர் எட்டிப் பார்த்து, "தோ எடுத்துட்டுப் போறேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, வேறொரு நோயாளியை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்தபோது லிஃப்டில் ஸ்ட்ரெச்சர். படிக்கட்டு இருக்கிறதே என்று வாய்வரை வந்தது, விழுங்கினேன். அடுத்த கட்டடத்தில் லேப். அங்கே இருந்த பெண் குழாயில் ஸ்டிக்கர் ஒட்டினாள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற சென்ட்ரிஃப்யூஜில் வேறு குழாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. "இது முடிஞ்சதும் ஒடனே போட்டுடுவேன் மேடம்" என்றாள். அது முடிந்தபோது சாப்பாட்டு நேரம். சாம்பார் வாசனை வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து சுழற்றினாள். தெளிவாகப் பிரிந்த திரவத்தைப் புரத வடிகட்டி வைத்த குழாய்க்கு மாற்ற வேண்டும், அதையும் வெகுநேரம் சுழற்ற வேண்டும். மெஷின் மறுபடி காலியாக வேண்டுமே! காலையில் எடுத்த ரத்தம் வடிகட்டியில் இறங்கும்போது பிற்பகல் டீ வந்துவிட்டது.

"உடனேதான் மேடம் செஞ்சோம்" என்றாள் அந்தப் பெண். உண்மைதான். சிஸ்டரும் உடனே செய்தார், செல்வமும் உடனே செய்தார். ஒருவரும் சோம்பேறி இல்லை. திட்டுவதற்கு ஒரு ஆள்கூடக் கிடைக்காத கோபம் இருக்கிறதே, அது தலைவலியாக மாறி என்னோடு அறைக்கு வந்தது.

ஆனால் என் தலைவலியை வைத்து டாக்டரை நம்ப வைக்க முடியாது. அளந்து காட்ட வேண்டும். மருந்து ஏறாத ரத்தம் கொஞ்சம் வேண்டும், அதில் தெரிந்த அளவு சிஸ்பிளாட்டினைக் கலக்க வேண்டும், இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்றை லேப்பில் கலந்த கையோடு வடிகட்ட வேண்டும். மற்றது ஜன்னல், செல்வம், லிஃப்ட், சாம்பார் என்று வழக்கமான யாத்திரை போய்விட்டு வர வேண்டும். மறுநாள் காலை நானே கையை நீட்டினேன். நோயாளிகளுக்கு அத்தனை அழகாக ரத்தம் எடுத்த சிஸ்டர் என் கையில் மட்டும் நரம்பு கிடைக்காமல் திரும்பத் திரும்பக் குத்தினார்.

"பயப்படாதீங்க மேடம்" என்றார்.

"நான் பயப்படலை சிஸ்டர். நீங்கதான் பயப்படுறீங்க."

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு சிரிப்பு. அதுதான் அஞ்சலை. கதிர்வீச்சுக்கு வந்தவர், குமட்டலாக இருந்ததால் படுக்க வைத்திருந்தார்கள். மெலிந்து போயிருந்தாலும் குரல் மட்டும் சந்தையில் பழகிய குரல். "குத்து வாங்குனா எப்டி இருக்குதுன்னு தெரியுதா மலேசியாக்கா? எனக்கு வாராவாரம் இதான்" என்றார். என்னைப் பற்றி அதற்குள் வார்டு முழுக்கச் செய்தி பரவியிருந்தது.

"உங்களுக்குப் பெரிய ஊசி போடணுமா வேணாமான்னு பாக்கத்தான் நானும் குத்து வாங்கறேன்" என்றேன்.

"அதுல பாக்கறதுக்கு இன்னா இருக்குது? பெருசாவே போடச் சொல்லு. சீக்கிரம் முடியட்டும். என் எடத்துல வேற ஒருத்தி கூடைய வெச்சு உக்காந்துட்டாளாம்."

பிளாட்டினத்தை அளக்கும் கருவி ஊருக்கு வடக்கே ஓர் ஆய்வகத்தில் இருந்தது. டாக்டர் பேசி ஏற்பாடு செய்திருந்தார். போக வண்டி? அஞ்சலையின் புருஷன் சேகர் ஆட்டோ ஓட்டுகிறார், வாசலில்தான் இருக்கிறார் என்றார்கள். பிற்பகலில், வடிகட்டிய இரண்டு குழாய்களையும் பெட்டியில் வைத்து ஏறினேன். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். சாப்பிட்டாச்சா என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்போம். அவர் குழம்பி, "எனக்குப் பசி ஆறவே ஆறாது மேடம், கிட்னி வெச்சதுலேருந்து திங்கற மாத்திர அப்டி" என்றார்.

பிள்ளைச்சாவடி தாண்டுவதற்குள் ஆட்டோ இருமி நின்றுவிட்டது. சேகர் இறங்கிக் கயிற்றை இழுத்தார், தட்டினார், ஏதோ ஒரு குழாயைக் கழற்றி வாயால் ஊதினார். லாரிகள் காதைக் கிழித்துக்கொண்டு போயின. வேறு ஆட்டோ பிடிக்கட்டுமா என்றேன். "தோ ஒடனே கெளம்பிடும்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண் இருட்டியது.

ஊதிக்கொண்டே அவர் கேட்டார்: "மேடம், அந்தப் பெரிய ஊசி போட்டா கிட்னி போயிடும்னு சொல்றாங்களே, நெசமா?"

"போகலாம். அதத்தான் பாக்கறோம்."

அவர் குழாயைக் கீழே வைத்தார். இடது பக்கம் அடிவயிற்றைச் சட்டைக்கு மேலேயே தொட்டுக் காட்டினார். "இது அவளோடது. எனக்குப் போட்டு நல்லாத்தான் ஓடுது. வீட்ல சண்ட வந்தா அவ, 'என் கிட்னி ஒண்ணு ஆட்டோ ஓட்டி ஊர் சுத்துது, நான் இங்க கெடந்து சாவறேன்'னு கத்துவா. சிரிச்சிடுவேன். இப்ப அவகிட்ட இருக்கறதும் போச்சுன்னா..." கையை எடுக்காமலே கேட்டார். "இத எடுத்து அவளுக்குத் திருப்பி வெக்க முடியுமா மேடம்? டாக்டருங்ககிட்ட கேக்க பயமா இருக்குது."

முடியாது என்று சொன்னேன். வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தலையாட்டிவிட்டு மறுபடி ஊத ஆரம்பித்தார். வண்டி கிளம்பியது. 

அந்தக் கருவி மண்ணிலும் ஆற்று நீரிலும் கனிமம் பார்க்க வாங்கியது. அதை இயக்குகிறவர் மண் ஆய்வாளர். ரத்தம் என்றதும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். இது ரத்தம் இல்லை, ரத்தத்திலிருந்து வடித்த தண்ணீர் என்று விளக்கினேன். "யாரோடது?" என்றார். "என்னோடதுதான்" என்றதும் இன்னும் சங்கடப்பட்டார். கையுறை மேல் கையுறையாகப் போட்டுக்கொண்டு குழாயை வாங்கினார். நான் வாசலில் உட்கார்ந்து, பையிலிருந்த சொல்தா வீட்டு ரொட்டியைத் தின்றேன். பசியில் அது நன்றாகவே இருந்தது. அதையும் நான் ஒப்புக்கொள்ள விரும்பவில்லை.

முடிவு வந்தது. கலந்த கையோடு வடிகட்டிய குழாயில் போட்ட மருந்து ஏறக்குறைய முழுதாக இருந்தது. யாத்திரை போய் வந்ததில் கால்வாசி மிஞ்சியிருந்தால் அதிகம். மீதியை என் ஆல்புமினே பிடித்து வைத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் எஸ்தர் இரண்டு எண்களையும் நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். "அப்ப இத்தனை நாளா எடுத்த ரத்தமெல்லாம்?"

"வீண்தான் டாக்டர்."

"எண்ணப் பாத்து வேற யாருக்கும் டோஸ ஏத்தல. இந்தம்மாதான் மொத ஆளா இருந்திருப்பாங்க" என்று மெல்லச் சொன்னார், எனக்கா தனக்கா என்று தெரியவில்லை. பிறகு குரல் உயர்ந்தது. "அறிவுரைத் தாள்ல 'உடனே வடிகட்டவும்'னு எழுதி அனுப்புனீங்களே, எத்தனை நிமிஷம்னு எழுதக் கூடாதா? ஐஸ்ல வைங்கன்னு சொல்லக் கூடாதா?"  அந்த அறிவுரைத் தாளை எழுதிய எங்கள் தலைமை ஆய்வாளர் அப்போது பினாங்கில் நிம்மதியாகக் கோப்பி குடித்துக்கொண்டிருந்திருப்பார்.

முடிவு செய்தோம். வியாழக்கிழமை பழைய டோஸ்தான். ஆனால் அன்று ரத்தம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பிரிக்கப்படும். உண்மையான எண் தெரிந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

லேப் மூலையில் சும்மா கிடந்த ஒரு சின்ன குளிர் சென்ட்ரிஃப்யூஜை வார்டுக்குக் கொண்டு வர வேண்டியிருந்தது. இரண்டு பேர் தூக்கினால் முடிகிற காரியம். ஆனால் லேப் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும், அவர் திருமணத்துக்குப் போயிருந்தார். அவருக்கு அடுத்தவர் போடலாம், ஆனால் மின்பிரிவு ஒப்புதல் வேண்டும். மின்பிரிவுக்காரர் வந்து ப்ளக்கைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாளைக்கு வருவதாகச் சொன்னார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி, வெளிநாட்டிலிருந்து வந்தவள், வழியில் உட்கார்ந்திருப்பது அவருக்கு என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். அன்று மாலையே மெஷின் வார்டுக்கு வந்தது.

டோஸ் ஏறப்போவதில்லை என்று அஞ்சலையிடம் டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் டாக்டரைத் திட்டவில்லை. என்னைப் பார்த்துத்தான் திரும்பினார்.

"நீதான் கொறச்சியா?"

"கொறைக்கல அஞ்சலை. ஏத்தாம இருக்கச் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். ஒங்க ஊர்லேருந்து இதுக்குத்தான் வந்தியா? ஒரு பொம்பள பொழைக்கறதக் கெடுக்க?"

"உங்க கிட்னி..."

"கிட்னி கிட்னின்னு! புத்து தின்னுட்டா அந்தக் கிட்னிய வெச்சு நான் இன்னா பண்றது?" சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மருந்து பிடிபடுவது, குழாய், வெயில் எல்லாவற்றையும் எளிமையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார். நான் சொன்னது சரி. அவர் கேட்ட கேள்வியும் சரி. இரண்டையும் வியாழக்கிழமை எண்தான் தீர்க்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை வார்டின் ஐஸ் மெஷின் வேலை செய்யவில்லை. எனக்கு ஆச்சரியமே இல்லை. குளிரில் வைத்தால்தான் ஆல்புமினின் பிடி மந்தமாகும். சேகரிடம் சொன்னேன். ஆட்டோ பறந்தது. மருந்து பாதி ஏறுவதற்குள் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறையிலிருந்து ஒரு மீன் பெட்டி நிறைய நொறுக்கிய ஐஸோடு வந்து நின்றார். படகுக்குப் போடுகிற ஐஸ். மேலே செதில்கள் மின்னின. வார்டு முழுக்கத் துறைமுகம் மணத்தது. தலைமை சிஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து, இது ஆஸ்பத்திரியா ஏலக்கூடமா என்று கத்தினார். குமட்டலில் கிடந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். பையில் கட்டி, மூடி போட்ட வாளியில் வைக்கிறேன் என்று கெஞ்சி அனுமதி வாங்கினேன். அஞ்சலை மட்டும் கண்ணை மூடியபடி மூச்சை இழுத்து, "சங்கரா" என்றார். அந்தப் பெட்டியில் முன்பு இருந்த மீனின் பெயர்.

மருந்து ஏறி முடிந்ததும் சிஸ்டர் ரத்தம் எடுத்தார், நான் வாங்கினேன், ஐஸில் வைத்தேன், மெஷினில் போட்டேன். சுழன்றது, பிரித்தேன். வடிகட்டிக்கு மாற்றிப் போட்டேன். சுழல ஆரம்பித்ததும் மின்சாரம் போனது.

ஜெனரேட்டர் வரும்வரை நான் அந்த மெஷினின் மூடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றேன். கையை வைத்தால் ஓடிவிடுமா? தெரியவில்லை.  விளக்கு எரிந்தது. மெஷின் உள்ளே இன்னும் சில்லென்றுதான் இருந்தது. மறுபடி ஓட்டினேன். கொஞ்ச நேரம் போனதே தவிர, வெயிலில் காய்ந்த மணிக்கணக்கு எங்கே, இது எங்கே. இடைவெளி விட்டு எடுத்த அடுத்தடுத்த குழாய்களும் அப்படியே முடிந்தன.

வடக்கே போகும் வழியில் பிள்ளைச்சாவடியில் மறியல். கடல் ஊரை அரிக்கிறது, கல் கொட்டித் தாருங்கள் என்று சாலையில் வலைகளைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சேகருடைய ஆட்கள்தான். அவர் இறங்கி ஓடினார். "நம்ம அஞ்சல ரத்தம்டா! வழி வுடுங்கடா!" என்று கத்தினார். ஒரு கிழவர், "ஒனக்கு வழி வுட்டா பின்னாடி பஸ்ஸு வரும், அதுக்கும் பின்னாடி லாரி வரும்" என்றார். சேகர் அழுதுவிடுவார் போல இருந்தது. திரும்பி வந்து ஆட்டோவின் தகரத்தைக் குத்தினார்.

"உக்காருங்க சேகர்" என்றேன்.

"நேரமாச்சுன்னா கெட்டுப் போயிடும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க!"

"இப்ப கெடாது. வடிகட்டியாச்சு. புரதம் இல்ல. பிடிக்கறதுக்கு உள்ள ஆளே கெடையாது. மருந்து தனியாத்தான் இருக்கும்."

அவர் நம்பாமல் பெட்டியைப் பார்த்தார். வந்ததிலிருந்து அவசரப்பட்டுக்கொண்டே இருந்த நான், ஊரே நின்றுபோன அந்த நேரத்தில் கால் நீட்டி உட்கார்ந்தேன். மறியலில் இருந்த ஒரு பெண் எங்களுக்கும் டீ கொடுத்தாள். சர்க்கரை அள்ளிப் போட்ட டீ. சேகர் தன்னுடையதைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். வெயில் சாய்ந்த பிறகு வழி திறந்தது.

மண் ஆய்வாளர் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார். இந்த முறை ஒரு கையுறைதான். எண்களைப் படித்துச் சொன்னார். நான் திரும்பச் சொல்லச் சொன்னேன். பிறகு டாக்டரை அழைத்தேன்.

பிடிபடாத மருந்து அஞ்சலையின் ரத்தத்தில் நன்றாகவே இருந்தது. ஒற்றைச் சிறுநீரகம் மெதுவாகத்தான் வெளியேற்றியது போலிருக்கிறது. குறைந்த டோஸிலேயே, இரண்டு சிறுநீரகம் இருப்பவர் முழு டோஸில் அடைகிற அளவைத் தொட்டிருந்தது. மருந்து இத்தனை வாரமும் புற்றைத் தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாங்கள்தான் அதைக் குழாயில் தொலைத்திருந்தோம்.

 "ஏத்தியிருந்தா?" என்றார் டாக்டர்.

"அதப் பத்திப் பேச வேணாம் டாக்டர்."

ஆட்டோவில் ஏறினேன். சேகர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார்.  "இப்ப போடற ஊசியே போதும், நல்லா வேலை செய்யுது" என்றேன். அவர் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

மறுநாள் அஞ்சலையிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "அப்ப முந்தி ரத்தம் எடுக்கக் குத்துனதெல்லாம்?" என்றார்.

"வீணாப் போச்சு. மன்னிச்சிடுங்க."

"நல்லா இருக்குது ஒங்க வேல" என்றார்.  கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொள்வார், கண் கலங்குவார் என்றெல்லாம் நான் எதிர்பார்த்திருந்தால் அது என் தப்பு. அன்று அவருக்குக் கதிர்வீச்சு இருந்தது. செல்வம் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

மீதி நாட்கள் சிஸ்டர்களுக்கும் லேப் பெண்ணுக்கும் வேலையைக் காட்டிக் கொடுப்பதில் போயின. சொல்தா வீட்டுக்காரர் கடைசி நாள் எனக்காகத் தோசை வாங்கி வந்து, தானும் இரண்டு தின்றார். ஊர் திரும்பியதும் தலைமை ஆய்வாளரிடம், பழைய மாதிரிகளை எல்லாம் தூக்கிப் போடுங்கள் என்றேன். இத்தனை மாத உழைப்பு என்று மூன்று நாள் முணுமுணுத்தார். பிறகு போட்டார்.

சில மாதங்கள் கழித்து டாக்டர் எஸ்தர் அழைத்தார். அஞ்சலைக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. ஸ்கேனில் கட்டி தெரியவில்லை. இனித் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் இப்போதைக்குப் புற்று இல்லை. சிறுநீரகம் முன்பு இருந்த மாதிரியே இருக்கிறது. "அவங்களே பேசணும்னாங்க, உங்க நம்பரக் குடுத்திருக்கேன்" என்றார்.

அடுத்த வாரம் அழைப்பு வந்தது. பின்னால் பெரிய மார்க்கெட்டின் இரைச்சல்.

"மலேசியாக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்குப் பெரிய ஊசியாவே போட்டிருந்தா, இன்னும் ரெண்டு வாரம் முந்தி முடிஞ்சிருக்குமா இல்லியா?"

எனக்குச் சுர்ரென்றது. "அஞ்சலை, நான் எத்தன தடவ சொன்னேன், அந்த மருந்து ரத்தத்துல..."

"இரு இரு, ஆள் வந்துடுச்சி" என்றார். போனை எங்கேயோ வைத்துவிட்டார், அணைக்கவில்லை. தண்ணீர் தெளிக்கும் சத்தம், பலகையில் கத்தி இறங்கும் சத்தம். "வஞ்சிரம் இன்னிக்குக் காலைல வந்தது, செவுளத் தூக்கிப் பாரும்மா" என்று கத்தினார். வாங்க வந்த பெண் ஒரு விலை கேட்டாள். அஞ்சலை வேறொன்று சொன்னார். அவள் விலையில் கொஞ்சம் ஏறி வந்தாள், போவது போலப் போனாள், திரும்பி வந்தாள். வேலை மேசை நிறையக் குழாய்கள் காத்திருக்க, நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டேன். அஞ்சலை விலையைக் குறைக்கவே இல்லை.